அது முன்னமே சொல்லிப்போட்டுது

மாரி காலத்தில் ஒரு காலைப்பொழுது. திருக்கேதீஸ்வரத்தில் பாலாவிக் கரையைத் தாண்டிச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு மாட்டுப்பட்டிக்கு முன்னால் நாலைந்து பேர் கூடி நிற்பதைக் கண்டு இறங்கினேன். சினைப்பசு ஒன்று இறந்து கிடந்தது. அதன் சொந்தக்காரரான பெரியவர் பட்டிக் கட்டையோடு சாய்ந்து குந்தியிருந்தார். ஆறுதலுக்கு ஏதாவது கேட்கவேண்டும் என்பதற்காக, "திடீரெண்டு நடந்திட்டுதோ ஐயா?" என்று கேட்டேன்.

"திடீரெண்டு இல்லைத் தம்பி. அது முந்தநாள் பின்னேரமே சொல்லிப்போட்டுது. எனக்குத்தான் விளங்கேல்லை."

பிறகு அவரே விபரமாகச் சொன்னார். முந்தநாள் மாலை மற்ற மாடுகள் எல்லாம் படுத்து இரைமீட்டுக்கொண்டிருந்தபோது இந்தப் பசு மட்டும் தனியே ஒதுங்கி நின்றதாம். தலை தாழ்ந்திருந்தது. காதுகள் சோர்ந்து தொங்கின. வாய் அசையவில்லை. அவர் அதைக் கண்டார். மழைக் குளிருக்கு நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அந்தப் பெரியவருடைய வார்த்தைகளே இக்கட்டுரையை எழுதத் தூண்டின. நாம் ஆடு மாடுகளை "வாயில்லாச் சீவன்" என்கிறோம். இரக்கத்தோடுதான் சொல்கிறோம். ஆயினும், அந்தச் சொல்லுக்குள் எமக்கு வசதியான ஒரு சாட்டு ஒளிந்திருக்கிறது. அதற்கு வாயில்லை என்றால், அது சொன்னதைக் கேட்காத குற்றம் எமக்கு இல்லை அல்லவா?

ஏன் அவை பேசுவதில்லை?

"மாடு ஏன் எங்களைப்போலக் கதைப்பதில்லை?" என்று சிறுபிள்ளைகள் கேட்பார்கள். "ஆண்டவர் அப்படிப் படைத்தார்" என்று சொல்லி நாம் தப்பிக்கொள்வோம். அப்படிப் படைக்கப்பட்டது எவ்வாறு என்பதையும் பிள்ளைக்குச் சொல்வது நல்லது.

மனிதனின் குரல்வளை தொண்டையில் தாழ்வாக அமைந்துள்ளது. நாக்கு, உதடு, தாடை ஆகியன ஒரு நொடிக்குள் பலமுறை மாறிமாறி இயங்கி வெவ்வேறு ஒலிகளை உண்டாக்குகின்றன. மிருகங்களுக்குத் தொண்டையின் அமைப்பு வேறாக இருப்பதால்தான் பேச முடியவில்லை என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் கருதினர். 1940களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு தம்பதியினர் விக்கி என்ற சிம்பன்சிக் குட்டியைத் தமது சொந்தப் பிள்ளையைப்போல வீட்டில் வளர்த்து, பேசக் கற்பிக்கப் பெரும்பாடு பட்டனர். ஆண்டுக்கணக்கான முயற்சியின் பின்னரும் அதன் வாயிலிருந்து நான்கு சொற்களே வந்தன, அவையும் தெளிவில்லாமல். ஆனால், 1966இல் தொடங்கிய வேறொரு முயற்சியில், வாஷோ என்ற சிம்பன்சிக்கு வாய்ப்பேச்சுக்குப் பதிலாக, காது கேளாதோர் பயன்படுத்தும் கைச்சைகைகள் கற்பிக்கப்பட்டன. அது நூற்றுக்கு மேற்பட்ட சைகைகளைக் கற்றுக்கொண்டது. சொல்வதற்கு அதனிடம் ஏதோ இருந்தது. வாய்தான் அதற்குரிய வழியாக இருக்கவில்லை.

2016இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மேலும் ஒருபடி சென்றது. குரங்கொன்றின் தொண்டையையும் வாயையும் எக்ஸ்-கதிர்ப் படங்களாக எடுத்துக் கணினியில் ஆராய்ந்தபோது, விளங்கக்கூடிய பேச்சொலிகளை உண்டாக்க அந்தத் தொண்டை போதுமானது என்று தெரியவந்தது. குறை தொண்டையில் இல்லை. அதை இயக்கும் மூளையில்தான் வேறுபாடு. மனிதனுக்கு மூளையின் மேற்பகுதியிலிருந்து குரல்வளைத் தசைகளுக்கு நேரடியான நரம்புத் தொடர்பு உண்டு. அதனால் நினைத்த நேரம் நினைத்த ஒலியை எழுப்புகிறான். பெரும்பாலான மிருகங்களின் குரலோ, பயம், பசி, வேட்கை, குட்டிமீதுள்ள பாசம் ஆகியவற்றோடு சேர்ந்தே எழுகிறது.

விதிவிலக்குகளும் உண்டு. கிளியும் மைனாவும் எம் சொற்களைத் திருப்பிச் சொல்லும். தென்கொரியாவில் ஒரு மிருகக்காட்சிச்சாலையில் வாழ்ந்த கோஷிக் என்ற ஆசிய யானை, தன் தும்பிக்கையை வாய்க்குள் விட்டுக் கொரிய மொழிச் சொற்கள் ஐந்தை ஒலித்துக் காட்டியது. 2012இல் இதை ஆராய்ந்து வெளியிட்டவர்கள், அந்த யானை பல ஆண்டுகளாக வேறு யானைகளின் துணையின்றி மனிதர் மத்தியிலேயே வளர்ந்தது என்பதைக் குறிப்பிட்டுள்ளனர். தன் இனத்தோடு கூட வழியில்லாதபோது, அருகிலிருந்த இனத்தின் ஒலியைப் பழகிக்கொண்டது போலும். இதை வேடிக்கைச் செய்தியாக வாசித்துச் சிரிக்க என்னால் முடியவில்லை.

மனித மொழி தனிச்சிறப்புடையது என்பதில் ஐயமில்லை. சில ஒலிகளைக் கொண்டு எண்ணற்ற சொற்களை ஆக்குகிறோம். நேற்று நடந்ததையும் நாளை நடக்கவேண்டியதையும் பேசுகிறோம். பொய்யும் சொல்கிறோம். மிருகங்களுக்கு இத்தகைய மொழி இல்லை. ஆனால், மொழி இல்லை என்பதும் சொல்ல எதுவும் இல்லை என்பதும் ஒன்றல்ல.

எமது நாட்டிலேயே கண்டறிந்தவை

இதற்குச் சான்று தேடித் தூர தேசங்களுக்குப் போகவேண்டியதில்லை. தேனீக்கள் நடனமாடி ஒன்றுக்கொன்று செய்தி சொல்கின்றன என்று கண்டறிந்தவர் கார்ல் வொன் பிரிஷ். அதற்காக 1973இல் நோபல் பரிசு பெற்றார். பூக்களைக் கண்டு திரும்பும் தேனீ, உடலை ஆட்டியபடி கூட்டில் ஓடும் ஓட்டத்தின் திசை, சூரியனிலிருந்து எந்தப் பக்கம் பறக்கவேண்டும் என்பதைச் சொல்கிறது. அந்த ஓட்டம் நீடிக்கும் நேரம் தூரத்தைச் சொல்கிறது. அவருடைய மாணவரான மார்ட்டின் லிண்டவர் 1950களில் இலங்கைக்கு வந்து இங்குள்ள தேனீ இனங்களை ஆராய்ந்தார். திறந்த வெளியில் மரக்கொம்பில் சிறு அடை கட்டும் கொம்புத்தேனீ, அடையின் மேற்புறத்திலுள்ள சமதளத்தில் நின்று, பூ இருக்கும் திசையை நேராகவே சுட்டி ஆடுவதைக் கண்டார். எமது பற்றைகளில் கொம்புத்தேன் எடுத்தவர்கள் இந்த ஆட்டத்தை எத்தனையோ தடவை கண்டிருப்பார்கள். அது ஒரு செய்தி என்று எண்ணியிருக்கமாட்டார்கள்.

பொலன்னறுவைக் காட்டிலே செங்குரங்குகளை நீண்டகாலம் ஆராய்ந்த வொல்ப்காங் டிட்டஸ், 1984இல் வெளியிட்ட கட்டுரையில், பழம் நிறைந்த மரம் போன்ற நல்ல உணவைக் கண்ட குரங்கு அதற்கென்றே தனியான ஒரு குரலை எழுப்புகிறது என்றும், அதைக் கேட்டுக் கூட்டத்தின் ஏனைய குரங்குகள் அவ்விடம் வந்து சேர்கின்றன என்றும் காட்டினார். யானைகளோ எம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலிகளால் பேசிக்கொள்கின்றன. 1984இல் அமெரிக்க மிருகக்காட்சிச்சாலையொன்றில் ஆசிய யானைகளின் அருகே நின்ற கேற்றி பெய்ன் என்ற பெண்மணி, காற்றில் ஓர் அதிர்வை உடம்பில் உணர்ந்தார். அந்த உணர்விலிருந்தே இந்த உண்மை வெளிவந்தது. காதால் கேட்கவில்லை என்று அவர் விட்டுவிட்டிருந்தால் நாம் இதை அறிந்திருக்கமாட்டோம்.

எமது பட்டியில் என்ன பேசப்படுகிறது?

தேனீயும் யானையும் இருக்கட்டும். எமது வாழ்வு தங்கியிருப்பது மாட்டிலும் ஆட்டிலும். அவை என்ன சொல்கின்றன?

நலமுள்ள பசு ஒரு நாளில் ஏறத்தாழ ஏழு எட்டு மணி நேரம் இரைமீட்கிறது. நோய் வரும்போது முதலில் குறைவது இதுதான். காய்ச்சல் கைக்குத் தெரியுமுன், மடி வீங்குமுன், இரைமீட்டல் குறைந்துவிடும். ஆகவே, மாலையில் பட்டிக்குள் மாடுகள் படுத்திருக்கும்போது வாய் அசையாத மாடு எது என்று பார்ப்பது பணச் செலவில்லாத வைத்தியப் பரிசோதனை. பாலாவிக் கரைப் பெரியவரின் பசு சொன்னதும் அதைத்தான்.

மடியில் நோவுள்ள பசு, கறக்கக் குந்தியதும் காலைத் தூக்கும், உதைக்கும், விலகி நிற்கும். நாம் அதைக் "குழப்படி மாடு" என்று சொல்லிக் காலைக் கட்டுகிறோம், சிலர் அடிக்கவும் செய்கிறோம். நேற்றுவரை அமைதியாக நின்ற பசு இன்று உதைக்கிறது என்றால் அது குணம் மாறியதால் அல்ல. மடியழற்சியின் தொடக்கமாக இருக்கலாம். முதற்பாலைக் கறுப்புத் துணியில் அல்லது கறுப்புத் தட்டில் பீச்சிப் பார்த்தால், திரள் திரளாகத் தெரிகிறதா என்று அறியலாம்.

வேட்கையின் பேச்சு மற்றொன்று. பசு இருபத்தொரு நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கத்தும், அமைதியின்றித் திரியும், மற்ற மாடுகள்மேல் ஏறும். மற்ற மாடு தன்மேல் ஏறும்போது விலகாமல் நின்று கொடுக்குமானால் அதுவே உறுதியான அறிகுறி. அது நீடிப்பது சில மணி நேரந்தான். எமது நாட்டு மாடுகளில் இன்னும் குறைவு, பெரும்பாலும் இரவில். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் சினைப்படுத்துவது பொருத்தம். கவனிக்கத் தவறினால் மீண்டும் இருபத்தொரு நாள் காத்திருக்கவேண்டும். "ஊசி போட்டும் பிடிக்கேல்லை" என்று சினைப்படுத்துபவரைக் குறைசொல்லும் இடங்கள் பலவற்றில், உண்மையில் பசு சொன்ன நேரத்தில் எவரும் அதன் அருகில் இருக்கவில்லை.

தாய்ப்பசு கன்று அருகே நிற்கும்போது வாயைத் திறவாமல் தாழ்ந்த குரலில் முனகும். கன்று கண்ணுக்கு மறைந்தால் உரத்து, உயர்ந்த குரலில் கதறும். ஒவ்வொரு பசுவின் குரலும் தனித்தனியானது என்றும், தாயும் கன்றும் ஒன்றையொன்று குரலாலேயே அறியும் என்றும் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எமது தாய்மார் இதை ஆராய்ச்சி இல்லாமலே அறிந்திருந்தார்கள். குசினிக்குள் இருந்தபடியே, "அது பசிக்குக் கத்தேல்லை, கண்டு கயிறு அறுத்துக்கொண்டு போட்டுது, போய்ப் பார்" என்று சொல்லும் அம்மாக்களை நாம் கண்டிருக்கிறோம்.

குளிரும் ஒரு செய்தியே. 2022 டிசம்பரில் மண்டோஸ் சூறாவளியை ஒட்டி வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் மடிந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் வெள்ளம் எமது மாவட்டத்தையும் மூடியபோது மீண்டும் பெரும் இழப்பு நேர்ந்தது. மாடுகள் சூறாவளியை முன்கூட்டியே அறிகின்றன என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறான கதைகளுக்கு உறுதியான சான்று இல்லை. ஆனால், முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்து, ஒன்றோடொன்று நெருக்கி நின்று நடுங்கும் மாடு, "எனக்கு ஒதுங்க இடம் வேண்டும், வைக்கோல் வேண்டும்" என்றே சொல்கிறது. அதைச் சொல்ல அதற்கு ஓர் இரவு அவகாசம் இருக்கிறது. எமக்கும் அந்த ஓர் இரவுதான் அவகாசம்.

மன்னார்க் கழுதைகள்

மன்னார்ப் பட்டினத்துக்குப் போகிறவர்களுக்குக் கழுதைகளைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அரபு வணிகர் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை என்பது பரம்பரைக் கதை. ஒரு காலத்தில் பொதி சுமந்தன. லொறியும் டிரக்டரும் வந்தபின் கேட்பாரற்றுத் தெருவில் விடப்பட்டன. இரவில் தார்வீதியில் படுத்திருந்து வாகனங்களில் அடிபடுகின்றன. குப்பையில் பொலித்தீனைத் தின்கின்றன.

கழுதையின் கத்தல் வேடிக்கையாக எமக்குப் படுகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் ஒலி எழுப்பும் விசித்திரமான குரல் அது. வறண்ட வெளிகளில் சிதறி வாழ்ந்த முன்னோர்களிடமிருந்து வந்தது. தொலைவிலிருக்கும் மற்றக் கழுதைக்கு எட்டவேண்டும் என்பதற்கானது. ஆனால், நோவு வந்தால் கழுதை கத்தாது. அதுதான் அதன் துரதிர்ஷ்டம். காதுகள் பக்கவாட்டில் சரியும், தின்னாது, கூட்டத்தைவிட்டு ஒதுங்கி அசையாமல் நிற்கும். அவ்வளவுதான். "கழுதைக்குச் சொரணையில்லை" என்று நாம் சொல்வது இதனால்தான். சொரணை இல்லாதது எதற்கு என்று யோசிக்கவேண்டும். பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு மன்னாரில் கழுதைகளுக்கான சிகிச்சை நிலையமொன்றைத் தொடங்கியபோது, "மனுசருக்கே மருந்தில்லை, கழுதைக்கு ஆஸ்பத்திரியோ?" என்று சிரித்தவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

பேசிய கழுதையும் மணி அடித்த பசுவும்

வேதாகமத்திலே மனித மொழி பேசிய கழுதை ஒன்று உண்டு. எண்ணிக்கை நூலின் 22ஆம் அதிகாரத்தில் பிலயாமின் கதையை வாசகர்கள் அறிவர். கழுதை பேசிய அற்புதத்தையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன் நடந்ததைக் கவனிப்பதில்லை. வழியில் வாளோடு நின்ற வானதூதரைக் கழுதை கண்டது, பிலயாம் காணவில்லை. முதலில் அது வழியைவிட்டு வயலுக்குள் விலகியது. இரண்டாவதாகச் சுவரோடு ஒதுங்கியது. மூன்றாவதாக அப்படியே படுத்துவிட்டது. மூன்று முறையும் பிலயாம் அதை அடித்தான். அதன் பிறகுதான் அதன் வாய் திறக்கப்பட்டது. ஆகவே, கழுதை பேசியது நான்காவது முறை. முதல் மூன்று முறையும் அது தன் சொந்த மொழியிலேயே சொல்லிவிட்டது. கேட்கத் தெரிந்த ஒருவன் ஏறியிருந்தால் அற்புதமே தேவைப்பட்டிராது.

எமது நாட்டு வரலாற்று நூலான மகாவம்சமும் எல்லாளன் கதையைச் சொல்கிறது. அநுராதபுரத்தில் நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆண்ட அம்மன்னன் முறைப்பாட்டு மணியொன்றைக் கட்டியிருந்தான். தன் கன்று அரசகுமாரனின் தேர்ச்சில்லில் அகப்பட்டு இறந்தபோது பசு அந்த மணியின் கயிற்றை இழுத்தது. பாம்பு தன் குஞ்சை விழுங்கியபோது ஒரு பறவையும் வந்து மணியை அடித்தது என்று அதே நூல் கூறுகிறது. கதையை எப்படியும் எடுத்துக்கொள்ளுங்கள். நீதியுள்ள அரசு என்றால், மனித மொழி அறியாத சீவனுக்கும் எட்டும் உயரத்தில் ஒரு கயிறு தொங்கவேண்டும் என்று எம் முன்னோர் எண்ணினார்கள் என்பதே அதன் பொருள்.

மனிதரின் குரலே கேட்கப்படாத மண்ணில் மாட்டின் குரலைப் பற்றி எழுதுகிறாயே என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2007, 2008ஆம் ஆண்டுகளில் மாந்தைப் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, கட்டவிழ்த்து விட்டுவிட்டு வந்த மாடுகள் பின்னால் கத்திக்கொண்டு வந்ததை இன்றும் சொல்லி அழுபவர்கள் இருக்கிறார்கள். தம்மைக் கேட்பாரில்லாத வேளையிலும் அவர்கள் தம் மாட்டின் குரலைக் கேட்டார்கள். இந்த இரண்டு கேட்டலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வீட்டில் நோயாளி ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைக் கவனிக்கிற கண்ணும், பட்டியில் ஒதுங்கி நிற்கும் பசுவைக் கவனிக்கிற கண்ணும் ஒரே கண்தான். பேசத் தெரியாத குழந்தையையும், பேச்சிழந்த முதியவரையும், பேசப் பயந்த பெண்ணையும் அந்தக் கண்ணால்தான் நாம் காணவேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த இடப்பெயர்வு எம்மிடமிருந்து மாடுகளை மட்டும் பறிக்கவில்லை. முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் பாட்டனோடு பட்டிக்குப் போகும் வயதைப் பட்டியில்லாத இடங்களில் கழித்தார்கள். மீளக்குடியமர்ந்தபின் உதவித்திட்டங்களில் கறவைப் பசுக்கள் கொடுக்கப்பட்டன. பசுவோடு சேர்ந்து பசுவின் பேச்சும் கொடுக்கப்பட்டதா? அதை யாரும் பட்டியலில் எழுதவில்லை.

என்ன செய்யலாம்?

பெருந்தொகைப் பணம் வேண்டிய யோசனைகள் எவையும் என்னிடம் இல்லை. பசு கொடுக்கும் எந்தத் திட்டமும் முதலில் பத்து நாளாவது பழைய பட்டிக்காரரிடம் பயிற்சி கொடுக்கட்டும். கிராமத்தில் இன்னும் உயிரோடிருக்கும் அந்த முதியவர்களுக்கு ஆசிரியர் என்ற மரியாதையும் சிறு கொடுப்பனவும் கிடைக்கட்டும். கால்நடை வைத்தியர்கள் மருந்து எழுதுவதோடு, "இந்தப் பசு இதை எப்போது சொல்லத் தொடங்கியது?" என்று வீட்டுப் பெண்களிடமும் கேட்கட்டும், பெரும்பாலும் அவர்களே முதலில் கண்டிருப்பார்கள். ஒவ்வொரு பட்டியிலும் ஒரு அப்பியாசக் கொப்பி இருக்கட்டும்: எந்தப் பசு எந்த நாள் கத்தியது, எது தின்னவில்லை, எது ஒதுங்கி நின்றது என்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். பிள்ளைக்கும் அது நல்ல விஞ்ஞான பாடம். மன்னார்ப் பட்டினத்தில் இரவில் வாகனம் ஓட்டுபவர்கள், வீதியில் நிற்கும் கழுதை ஒலிப்பானுக்கு விலகாது என்பதை அறிந்து வேகத்தைக் குறைக்கட்டும்.

அந்தப் பெரியவரை அண்மையில் மீண்டும் கண்டேன். இப்போது அவருடைய பேத்தி மாலையில் பட்டிக்கு வருகிறாளாம். எட்டு வயது. வாய் அசையாத மாட்டைக் கண்டால் வந்து சொல்லவேண்டும் என்பது அவளுக்குக் கொடுத்த வேலை. "நேற்று ஒண்டைக் காட்டினவள், தம்பி. போய்ப் பாத்தன். வயிறு ஊதத் தொடங்கியிருந்தது. நேரத்தோட டொக்குத்தரைக் கூப்பிட்டம். இப்ப நல்லா நிக்குது" என்றார்.

வாசகர்களே, இன்று மாலை உங்கள் பட்டியடிக்கோ கொட்டிலடிக்கோ போய்ப் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள்.